ஆர்டிஸ் ‘எனக்கு வேணும்’ என்று சொன்ன நாள்

ஆர்டிஸ் லோக்கனுக்குக் காபி ஊற்றத் தனிப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது எங்கள் முதியோர் இல்லம் முழுவதற்கும் தெரியும். ஆனாலும் நான் அங்கே சமையலறையைப் பார்த்துக்கொண்ட வருடங்களில் அந்த அம்மாவின் கோப்பை ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

“காபி ஊத்தவா ஆர்டிஸ்?”

“ஐயோ, வேணாம் டுவெய்ன். மத்தவங்களுக்கு ஊத்து.”

“கொஞ்சமா ஊத்தறேனே?”

“உனக்கு எதுக்கு வீண் சிரமம்.”

“யாரும் குடிக்கலன்னா கீழதான் கொட்டணும்.”

“கொட்டறதுக்கு இங்க ஊத்திடு. அரைக் கப்பு போதும்.”

அரைக் கப் என்றால் முழுக் கப். மின்னசோட்டா மாநிலத்தின் இந்த வடமேற்கு மூலையில் மூன்று தடவை கேட்காமல் யாரும் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். முதல் தடவையே சரி என்பவன் அலைகிறவன். இரண்டு தடவையோடு கேட்பதை நிறுத்துகிறவன் கஞ்சன். நான் ஒரு தட்டுக் கேக் செய்து வைத்தால் கடைசித் துண்டு மட்டும் அப்படியே கிடக்கும். ஒருவர் வந்து அதைப் பாதியாக வெட்டி எடுப்பார். அடுத்தவர் வந்து அந்தப் பாதியில் பாதி. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது போலச் சாயங்காலம் ஒரு விரல்நுனி கேக் தட்டில் மிஞ்சியிருக்கும். அதை எடுக்கிற துணிச்சல் ஊரில் எவருக்கும் கிடையாது. கடைசியில் நான்தான் திட்டிக்கொண்டே தின்பேன்.

இளவயதில் நான் கொஞ்ச காலம் டெக்ஸஸ் பக்கம், எண்ணெய்க் கிணற்றுக் கொட்டகைகளில் சமைத்தேன். அங்கே ‘வேணுமா’ என்றால் ‘வேணும்’ என்பான். ‘வேணாம்’ என்று சொல்லிவிட்டால் தட்டு போய்விடும், திரும்பி வராது. முதல் வாரம் முழுக்க நான் அரைவயிற்றோடுதான் படுத்தேன். அதனால் எனக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கத்தில் எங்கள் ஊருக்கே தலைவி ஆர்டிஸ். முட்டை தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். அறுவடைக் காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றிப்போகும் லாரியை ஓட்டினார், ஆண்களைவிட நன்றாகவே ஓட்டினார். அதை யாராவது சொன்னால் “லாரி தானாப் போச்சு, நான் சும்மா உக்காந்திருந்தேன்” என்பார். ஒரு தடவை குடல்வால் வெடிக்கிற நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒருவர் கட்டை விரலில் தூண்டில் முள் குத்தி உட்கார்ந்திருந்தார். ஆர்டிஸ் இரண்டாக மடிந்து நின்றுகொண்டே டாக்டரிடம், “மொதல்ல அவரப் பாருங்க, பாவம்” என்றாராம்.

அந்த டாக்டர் வெளியூர்க்காரர். சரி என்று தூண்டில் முள்ளின் பக்கம் திரும்பிவிட்டார். அன்றைக்கு ஆர்டிஸின் உயிரைக் காப்பாற்றியவர் அவருடைய கணவர் பால்மர்.

“டாக்டர், இவ வேணாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம். அப்பறம்னா இப்பவேன்னு அர்த்தம். நீங்க கத்தியை எடுங்க!”

பால்மருக்குத் தொழில் விவசாயம், உண்மையான உத்தியோகம் இதுதான். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் மனைவியின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வது. கார் விற்க வந்தவன், காப்பீட்டுக்காரன், புதிதாக வந்த பாதிரியார், எல்லாருக்கும் பால்மர் சொன்ன பிறகுதான் ஆர்டிஸுக்கு என்ன வேண்டும் என்பது புரியும். இப்படியே அறுபது வருடம் வாழ்ந்துவிட்டார்கள்.

பிறகு பால்மருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு வழி, பிறகு அடுப்பு. மகன் தொலைவில் இருந்தான். பண்ணையை விற்றுவிட்டு இரண்டு பேரும் எங்கள் இல்லத்துக்கு வந்தார்கள். ஒரே அறையில்தான் இருந்தார்கள். ஒரு நாள் அவர் மேல்சட்டை இல்லாமல் பனியில் இறங்கி மாட்டுக்குத் தீனி வைக்கக் கிளம்பியதும், அவரைப் பின்கட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மறதிக்காரர்கள் இருக்கும் பகுதியை நாங்கள் பின்கட்டு என்போம். நடுவில் ஒரு கதவு, அதில் ஒரு கண்ணாடிச் சதுரம், எண்களை அழுத்தினால் திறக்கும். ஆர்டிஸ் காலைச் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கதவைத் தாண்டிப் போவார், இரவு படுக்கத்தான் திரும்புவார். பால்மர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

அந்த வசந்தத்தில் உலகத்தையே முடக்கிய தொற்றுநோய் வந்தது, கதவு மூடியது.

முன்கட்டு ஆள் பின்கட்டுக்குப் போகக் கூடாது, அங்கிருந்து யாரும் இங்கே வரக் கூடாது என்று உத்தரவு. சாப்பாட்டுக் கூடமும் மூடியது. நான் அறை அறையாகத் தட்டு கொண்டுபோய் வைத்தேன். ஆர்டிஸ் நடக்கப் பிடித்துக்கொள்ளும் தன் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கண்ணாடிச் சதுரத்துக்கு முன் நிற்பார். பணிப்பெண்கள் பால்மரை அந்தப் பக்கம் கூட்டி வருவார்கள். ஆரம்பத்தில் அவர் கதவை ஆட்டிப் பார்ப்பார், “தொறயேன் ஆர்டிஸ்” என்பார். கோடையில் ஆட்டுவதை விட்டார். இலையுதிர் காலத்தில் பெயர் சொல்வதை விட்டார். நவம்பரில் எங்கள் இல்லத்துக்குள்ளேயே நோய் புகுந்து சிலரைக் கொண்டுபோன பிறகு, கண்ணாடி வழியாகத் தெரியும் அந்த அம்மாவை ஏதோ பொருள் விற்க வந்தவரைப் போலப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு நான் தட்டோடு அங்கே நின்றிருந்தேன். ஆர்டிஸ் அழவில்லை. “அவருக்குக் கண்ணாடி துடைக்கணும் போல, சரியாத் தெரியல” என்றார். மூக்குக் கண்ணாடியையா, கதவுக் கண்ணாடியையா என்று நான் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தை வீசி எறிந்தேன்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் இல்லத்தின் மேலாளர் ஷெரில் நல்ல சேதி கொண்டுவந்தார். தடுப்பூசி வரப்போகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஊசி. கணவன் மனைவி இரண்டு பேரும் இரண்டும் போட்டு, அது உடம்பில் பிடித்துவிட்டால், நடுக்கதவு அவர்களுக்குத் திறக்கும்.

“பால்மருக்குப் போடலாமா? நீங்கதான் சம்மதம் சொல்லணும்” என்று ஷெரில் கேட்டார்.

“போடுங்க” என்றார் ஆர்டிஸ், முதல் தடவையிலேயே. ஷெரில் அசந்துபோய்ச் சமையலறைக்கே வந்து என்னிடம் சொன்னார். கணவருக்கென்றால் அந்த அம்மாவுக்கு நாக்கு புரண்டது. தனக்கென்று வரும்போது புரளுமா என்று எங்கள் இரண்டு பேருக்குமே யோசிக்கத் தோன்றவில்லை.

ஊசி போட வந்த நாளில் மூக்கு மயிர் உறையும் குளிர். மருந்துக் கடையிலிருந்து ஒரு குழு, குளிர்பெட்டியோடு வந்து இறங்கியது. என்னைக் கேட்காமலே என் சாப்பாட்டுக் கூடத்து மேசைகளை நகர்த்தினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சூப் கிண்டினேன், கொஞ்சம் சத்தமாகவே கிண்டினேன்.

குழுவுக்குத் தலைவி மாரிசோல் என்ற இளம்பெண். டெக்ஸஸில் பிறந்து வளர்ந்தவள், வேலைக்காக அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் பக்கம் வந்திருந்தாள். தங்கமான பெண். முதலில் பின்கட்டுக்குப் போய் எல்லாருக்கும் போட்டாள். பால்மர் ஊசி போட்டவுடன் அவளுக்கு நன்றி சொல்லி, மாடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாராம். ஷெரில் அவர்களைக் கவனித்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார். மாரிசோல் முன்கட்டுக்கு வந்தாள்.

எங்கள் ஆட்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலைவாரி, தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலியில் லாவோன், ஓய்வுபெற்ற தபால்காரி.

“வணக்கம் மேடம். இன்னைக்கு ஊசி போட்டுக்கறீங்களா?”

“எனக்கென்னம்மா அவசரம். தேவைப்படுறவங்களுக்குப் போடு.”

மாரிசோல் ஒரு நொடி நின்றாள். யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம். அது சரியான பாடமும்கூட. “சரிங்க மேடம், உங்க இஷ்டம்” என்று புன்னகைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். அங்கே நோர்வல், பன்றிப் பண்ணை வைத்திருந்தவர்.

“நான் வாழ்ந்து முடிச்சவன் தாயி. சின்னப் புள்ளைங்களுக்குப் போடு.”

“சரிங்க சார்.”

அடுத்தது ஆர்டிஸ்.

பின்னால் அந்த அம்மா என்னிடம் சொன்னது இது. காலையில் எழுந்ததிலிருந்து ‘ஆமா’ என்று சொல்லிப் பழகினாராம், குளியலறைக் கண்ணாடி முன்னால். மாரிசோல் குனிந்து கேட்டதும் வாய் தானாகத் திறந்தது.

“நர்சுங்களுக்கு மொதல்ல போடும்மா. நான் காத்திருக்கேன்.”

“நர்சுங்களுக்கு ஏற்கெனவே போட்டாச்சு மேடம். உங்களுக்கு வேணாமா?”

“பரவால்ல, எனக்காக மெனக்கெடாத.”

மாரிசோல் போய்விட்டாள். கூடம் முழுக்க இப்படியே நடந்தது. ஒருவர்கூட ஊசி வேண்டாம் என்று நினைக்கவில்லை. எல்லாரும் மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தார்கள்.

கூடம் அமைதியானதும் வேலை முடிந்தது என்று நினைத்து, நான் கோபத்தை இறக்கி வைத்துவிட்டுக் காபிக் கெண்டியோடு வெளியே வந்தேன்.

“என்ன, கை வலிக்குதா நோர்வல்?”

“எனக்குப் போடலப்பா. லாவோனுக்கு விட்டுக் குடுத்துட்டேன்.”

“எனக்கா?” என்றார் லாவோன். “நான் உங்களுக்குல்ல விட்டேன்!”

“அப்ப ஆர்டிஸ்?”

“நான் நர்சுங்களுக்கு விட்டேன்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளி வராந்தாவில் குளிர்பெட்டியின் மூடி டக்கென்று சாத்தப்பட்டது. மாரிசோல் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். இங்கே முன்கட்டில் யாரும் போட்டுக்கொள்ளவில்லை, மிச்ச மருந்தை அடுத்த ஊர் இல்லத்துக்கே கொண்டுவருகிறோம், இங்கே அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

“சும்மா சொல்றா. திரும்பி வந்து கேப்பா” என்றார் நோர்வல், கைகளைக் கட்டிக்கொண்டு.

ஆர்டிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“டுவெய்ன், நீ அங்கல்லாம் இருந்தவன். அவ இன்னொரு தரம் கேப்பாளா?”

“கேக்க மாட்டா ஆர்டிஸ். அவங்க ஊர்ல வேணாம்னா வேணாம்தான்.”

“அடுத்த தடவ வருவாங்கல்ல?”

“வருவாங்க. அடுத்த தடவ மொத ஊசி, அதுக்கும் அடுத்து ரெண்டாவது. கோடை வந்துடும்.”

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. கத்தவில்லை. அந்த அம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது கண்ணில் தெரிந்தது. மாதத்தை எண்ணவில்லை. பால்மரின் தலைக்குள் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை எண்ணினார். அவருக்காகப் பேச பால்மர் இல்லை. நான் பேசினால் செல்லாது, சம்மதம் அவரவர் வாயிலிருந்து வர வேண்டும்.

ஆர்டிஸ் எழுந்தார். நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில், கூடத்தைக் கடந்தார். ஊரே பார்க்க ஒன்றைக் கேட்டு வாங்கப் போகிறார் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. லாவோன் அவருக்காகத் தரையைப் பார்த்துக்கொண்டார். மற்றவர்களின் மானத்தைக் காப்பாற்ற நாங்கள் செய்கிற காரியம் அது.

வராந்தாவில் வெளிக்கதவு பாதி திறந்திருந்தது. குளிர் உள்ளே அடித்தது. மாரிசோலின் கூட்டாளி பெட்டியைத் தூக்கிவிட்டான்.

“எனக்கு வேணும்” என்றார் ஆர்டிஸ்.

மாரிசோல் திரும்பினாள். “மேடம்?”

“ஊசி. எனக்கு வேணும்.”

“நீங்க வேணாம்னு சொன்னீங்களே மேடம்?”

“சொன்னேன். அது... வேற.”

“நிச்சயமாத்தான் சொல்றீங்களா? யாரும் உங்கள வற்புறுத்தலையே?”

“உங்களுக்கு ரொம்ப நேரமாச்சுன்னா பரவால்ல, நான்...” என்று பழைய பாட்டு ஆரம்பித்தது. ஆர்டிஸ் பாதியில் வாயை மூடினார். மூச்சை இழுத்தார். “இல்ல. வேணும். எனக்குத்தான் வேணும். மொதல்ல எனக்கு.”

‘மொதல்ல எனக்கு.’ எங்கள் ஊரில் ஒரு பெரிய மனுஷி இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. என் உடம்பு சிலிர்த்தது, சொல்ல வெட்கம் இல்லை. மாரிசோல் அங்கேயே, வராந்தா நாற்காலியிலேயே, அவரை உட்கார வைத்துச் சட்டைக் கையை மடித்தாள். ஊசி இறங்கும்போது ஆர்டிஸ் முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அணை உடைந்தது. “அவங்களே போட்டுக்கிட்டாங்க, நமக்கென்ன” என்று நோர்வல் எழுந்தார். உடனே “நீங்க முன்னாடி போங்க”, “இல்ல, நீங்க போங்க” என்று வாசலில் பெரிய போட்டி. ஊசி போட்ட பிறகு சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால் ஆர்டிஸ் மாரிசோலின் பக்கத்திலேயே இருந்தார். யார் வந்து “எனக்கென்ன அவசரம்” என்றாலும் அவளுடைய முழங்கையைத் தொட்டு, “மறுபடி கேளு” என்பார். அவள் மறுபடி கேட்பாள். “இன்னொரு தரம்” என்பார். மூன்றாவது தடவை அந்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருப்பார்.

“உங்க ஊர்ல கல்யாணம் எல்லாம் எப்படித்தான் நடக்குது?” என்று மாரிசோல் சிரித்தாள்.

“மெதுவா” என்றார் நோர்வல்.

அன்றைக்குச் சாயங்காலம் சூப் கொண்டுபோனபோது ஆர்டிஸ் கட்டிலில் உட்கார்ந்து ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படி ஓடிப்போய்க் கேட்டது ரொம்ப அசிங்கமா இருந்துச்சா டுவெய்ன்?”

“ரொம்ப அசிங்கம். ஊரே சிரிக்கும்.”

“அந்தப் பொண்ணு என்ன நெனச்சிருப்பா.”

“கார்ல ஏறுறப்ப கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போனா. மூணு கிண்ணம் சூப் குடிச்சிட்டுதான் போனா. நான் ஒரு தடவதான் கேட்டேன்.”

ஆர்டிஸ் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

இரண்டாவது ஊசியும் ஆயிற்று. கூரையிலிருந்து பனி சொட்டத் தொடங்கிய ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரம், ஷெரில் நடுக்கதவின் எண்களை அழுத்தினார். நான் பின்கட்டுக்கு மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் ஏற்றிய வண்டியோடு பின்னால் நின்றேன். ஆர்டிஸ் நீலச் சட்டை போட்டிருந்தார். “அவருக்கு என்னைத் தெரியலன்னா நீங்க யாரும் வருத்தப்படாதீங்க” என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

பால்மர் ஜன்னலோர மேசையில், வெளியே வயலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பணிப்பெண் தோளைத் தொட்டதும் திரும்பினார். ஆர்டிஸை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எங்க போயிருந்த?” என்றார், கொஞ்சம் கோபமாக.

“இங்கதான் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம்.”

“உள்ள வந்திருக்கலாம்ல?”

“வந்துட்டேன் பால்மர்.”

“சரி, உக்காரு. சாப்பாடு ஆறுது.”

பெயர் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவே இல்லை, அந்தக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தினம் ஆர்டிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், அக்டோபரில் அவர் தூக்கத்திலேயே போகும்வரையிலும். ஆர்டிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “எங்க போயிருந்தன்னு கேட்டாரே, அது போதும்” என்று எல்லாரிடமும் சொன்னார். அந்த மருந்தை எங்கேயோ கண்டுபிடித்தவர்கள், பெட்டியில் அடைத்தவர்கள், உறைபனியில் ஓட்டி வந்தவர்கள், யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டுக் கேக் அனுப்புவேன். அந்த ஏழு மாதத்தை அவர்கள்தான் கொடுத்தார்கள்.

அன்றைக்கு ஆர்டிஸ் உட்கார்ந்ததும் பால்மர் வலது கையால் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டு தட்டையும் வைத்தேன். பால்மர் இடது கையில் முள்கரண்டியை எடுத்து இறைச்சியைக் குத்தினார், துண்டாகவில்லை. ஆர்டிஸ் வலது கையில் கத்தியை வைத்து அழுத்தினார், தட்டு வழுக்கியது.

“கையக் கொஞ்சம் விடுங்க பால்மர், வெட்டிக்கறேன்” என்றார்.

“விட மாட்டேன்” என்றார் பால்மர்.

எனக்கு அடுப்பில் வேலை கிடந்தது. அது கிடக்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் கை மேசைமேல் அப்படியே இருக்க, இரண்டு தட்டிலும் இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுத்தேன்.